சொந்தக் காரோடு முதல் டிராக் ரேஸ்: புதிதாக வருபவருக்கு ஒரு வழிகாட்டி

என் முதல் கிளப் மீட்டில், நேர்ப்பாதையில் இரண்டு வண்டி மோதும் டிராக் (drag) ரேஸின் முதல் ரன்னிலேயே, என்னுடையதைவிட மெதுவான வண்டியிடம் தோற்றேன். கையில் வந்த சீட்டில் என் நேரம் 15.1 விநாடி, பக்கத்து லேனில் ஓடிய பழைய காரின் நேரம் 15.3. ஆனால் கோட்டை முதலில் தாண்டியது அவர். கடிகாரத்தில்தான் ஏதோ கோளாறு என்று சீட்டு கொடுப்பவரிடமே போய்க் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே முதல் வரியில் விரலை வைத்தார். அது ரியாக்‌ஷன், பச்சை விளக்கு எரிந்ததிலிருந்து வண்டி நகரும்வரை ஆன நேரம்: எனக்கு 0.9, பக்கத்து லேன்காரருக்கு 0.6. அதாவது பச்சை எரிந்த பிறகு நான் ஒரு விநாடி கிட்டத்தட்ட சும்மா உட்கார்ந்திருக்கிறேன். என் 15.1 வண்டி நகர்ந்த பிறகுதான் எண்ணத் தொடங்கியது, அந்த 0.9 அதில் சேரவே இல்லை.

இந்த ஒரு விஷயம் புரிந்துவிட்டால் டிராக் ரேஸிங்கில் பாதி புரிந்த மாதிரி. மீதிப் பாதியைத்தான் இங்கே எழுதப் போகிறேன். தினமும் வேலைக்கு ஓட்டிப் போகிற அதே காரை, எதையும் மாற்றாமல், ஒரு சாவகாசமான கிளப் மீட்டுக்குக் கொண்டு போகிறவருக்காக எழுதுகிறேன். பெரிய எஞ்சின், டர்போ வைத்திருப்பவர்களும் படிக்கலாம், ஆனால் உங்களுக்கு விதிகள் கொஞ்சம் கூடும்.

முதலில் தூரம். முழு ஸ்ட்ரிப் (ரேஸ் பாதை) என்றால் கால் மைல், 1,320 அடி, சுமார் 402 மீட்டர். இடம் குறைவான ட்ராக்குகளில் அரைக்கால் மைல், 660 அடி, சுமார் 201 மீட்டர். நேர்ப்பாதை, இரண்டு லேன், ஒரு நேரத்தில் இரண்டு வண்டி. அவ்வளவுதான் விளையாட்டு. (தொழில்முறை டாப் ஃப்யூல் வண்டிகள் 2008-லிருந்து 1,000 அடிதான் ஓடுகின்றன, அந்த வேகத்துக்குக் கால் மைல் அதிகம் என்று ஆகிவிட்டது. நமக்கு அந்தக் கவலை இல்லை.) கிளப் மீட்டுகளில் பெரும்பாலும் நாளின் முதல் பகுதி 'டெஸ்ட் அண்ட் டியூன்', அதாவது யாரோடும் போட்டி இல்லாமல் எத்தனை முறை வேண்டுமானாலும் ஓடிப் பார்ப்பது. போட்டி வைத்தால் அதற்குப் பிறகு. முதல் தடவை போகிறவர் முதல் பகுதியோடு நிறுத்திக்கொண்டாலும் நஷ்டமில்லை.

முந்தின நாள் வேலை

வண்டியைக் கழுவுவதற்கு முன்னால் கீழே குனிந்து பாருங்கள். எண்ணெய் கசிகிறதா, கூலன்ட் சொட்டுகிறதா? ஒரே ஒரு வண்டி ட்ராக்கில் எண்ணெய் ஊற்றினால் அதைத் துடைத்து முடிக்கும்வரை அத்தனை பேரும் வெயிலில் நிற்க வேண்டும். அந்த ஆள் நீங்களாக இருக்காதீர்கள், அன்று முழுக்க எல்லோரும் உங்கள் வண்டியைத்தான் பார்ப்பார்கள்.

டயரில் கம்பி தெரியக் கூடாது, பக்கச் சுவரில் வெடிப்பு இருக்கக் கூடாது. வீல் நட் எல்லாவற்றையும் டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள், வீல் கப் இருந்தால் கழற்றி வீட்டிலேயே வைத்துவிடுங்கள். பேட்டரியைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள், கொஞ்சம்கூட அசையக் கூடாது. ரேடியேட்டரில் பொங்கி வழியும் தண்ணீர் கீழே கொட்டாமல் பிடிக்கும் டப்பா உடையாமல் இருக்க வேண்டும். பிரேக் பெடல் கெட்டியாக நிற்க வேண்டும். ஆக்சிலரேட்டரை அழுத்தி விட்டால் உடனே பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டும், பழைய கேபிள் வண்டிகளில் இதைக் கட்டாயம் பாருங்கள். சீட் பெல்ட் பூட்டு ஒழுங்காக விழ வேண்டும். பரிசோதகர் மறுநாள் பார்க்கப் போவதும் இதைத்தான், புதிதாக எதுவும் இல்லை.

அப்புறம் வண்டிக்குள் இருக்கிற சாமான்கள். டிக்கியில் உள்ளதை எல்லாம் வெளியே எடுங்கள், சீட்டுக்கு அடியில் கை விட்டுத் துழாவுங்கள். தண்ணீர் பாட்டில் ஒன்று உருண்டு வந்து பிரேக் பெடலுக்கு அடியில் மாட்டுவது கதையில் வருவது இல்லை, எனக்கே நடந்திருக்கிறது, நல்லவேளை அப்போது வண்டி நின்றுகொண்டிருந்தது. தரை விரிப்பையும் எடுத்துவிடுங்கள். ஸ்டெப்னி, ஜாக்கி இரண்டையும் ட்ராக்கில் இறக்கி வைக்கலாம். 45 கிலோ குறைந்தால் கால் மைலில் ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு குறையும் என்பது பழைய கணக்கு, துல்லியமானது இல்லை, ஆனால் கிட்டத்தட்ட சரியாகத்தான் வரும்.

இன்ஷூரன்ஸ் பத்திரத்தையும் ஒரு முறை எடுத்துப் படியுங்கள். பல பாலிசிகள் ரேஸ், நேரப் பந்தயம் இரண்டையும் விலக்கியே வைத்திருக்கும். சுவரில் இடித்தால் செலவு உங்களுடையது என்று தெரிந்தே போவது நல்லது.

எடுத்துப் போக வேண்டியவை

ஓட்டுநர் உரிமம், ஹெல்மெட், கால் முழுக்க மூடும் பேன்ட், மூடிய ஷூ. அரைக்கால் சட்டை, கையில்லாத பனியன், செருப்பு இவற்றோடு வந்தால் பெரும்பாலான இடங்களில் ஓட விட மாட்டார்கள். காற்றழுத்தம் பார்க்கிற கேஜ், காற்றடிக்க ஒரு சின்ன பம்ப், டார்க் ரெஞ்ச், குடிக்கத் தண்ணீர், தொப்பி, ஒரு நோட்டு, பேனா. நோட்டு எதற்கு என்று பிறகு சொல்கிறேன். பைக்கில் வருகிறவர்களுக்கு விதி வேறு: முழு முகம் மூடும் ஹெல்மெட், தோல் ஜாக்கெட், கையுறை, கணுக்காலுக்கு மேலே ஏறும் பூட்ஸ்.

ஹெல்மெட் பற்றி இரண்டு வார்த்தை. அமெரிக்காவின் டிராக் ரேஸ் அமைப்பான என்.எச்.ஆர்.ஏ.வின் விதிப்படி கால் மைலை 13.99 விநாடியிலோ அதைவிடக் குறைவாகவோ ஓடுகிற காருக்கு ஹெல்மெட் கட்டாயம், ஆனால் எத்தனையோ ட்ராக்குகள் எல்லோருக்குமே கேட்கின்றன, அவர்கள் செய்வதுதான் சரி என்பது என் கருத்து. உள்ளே பாதுகாப்புத் தரத்தைச் சொல்லும் ஸ்நெல் ஸ்டிக்கர் இருக்கிறதா, எந்த வருடத்தது என்று பார்ப்பார்கள். 'எம்' என்று தொடங்கினால் மோட்டார் சைக்கிளுக்கானது, 'எஸ்.ஏ.' என்றால் கார் ரேஸுக்கானது, உள்துணி தீயைத் தாங்கும். எதை ஏற்றுக்கொள்வார்கள் என்று முன்கூட்டியே கேட்டுவிட்டு வாங்குங்கள். கால் மைலில் 11.49 விநாடியை நெருங்கும் வண்டி, கூரையில்லாத வண்டி இதெல்லாம் வைத்திருந்தால் ரோல் பார் (வண்டி கவிழ்ந்தால் காக்கும் இரும்புச் சட்டம்) பேச்சு வரும், அதையும் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

ட்ராக்குக்குள் வந்ததும்

வாசலில் ஒரு பொறுப்புத் துறப்புப் படிவத்தில் கையெழுத்து வாங்குவார்கள். படித்துவிட்டுப் போடுங்கள். அப்புறம் பரிசோதனை வரிசை. பானெட்டைத் திறந்து வைத்து, டிக்கியையும் திறந்து, ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நில்லுங்கள். பரிசோதகரிடம் "முதல் தடவை வருகிறேன்" என்று சொல்லத் தயங்காதீர்கள். நான் பார்த்தவரை இந்த ஒரு வாக்கியத்துக்குக் கிடைக்கிற உதவி வேறு எதற்கும் கிடைப்பதில்லை, ஒருவர் வந்து கண்ணாடியில் வெள்ளை ஷூ பாலிஷால் உங்கள் எண்ணை எழுதித் தருவார், இன்னொருவர் எந்த வரிசையில் நிற்க வேண்டும் என்று கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவார்.

உடனே ஓடப் போகாதீர்கள். வேலி ஓரம் போய் இருபது நிமிடம் நின்று பாருங்கள். வண்டிகள் எங்கே திரும்புகின்றன, யார் கைகாட்டுகிறார்கள், தண்ணீரை எப்படிச் சுற்றிப் போகிறார்கள், முடிந்ததும் எந்த வழியாகத் திரும்பி வருகிறார்கள், எல்லாம் அங்கேயே விளங்கிவிடும். ஓட்டுநர் கூட்டம் என்று ஒன்று கூப்பிட்டால் கட்டாயம் போங்கள், அந்த ட்ராக்குக்கென்று இருக்கிற விதிகளை அங்கேதான் சொல்வார்கள்.

டயர் காற்றைக் குறைக்கலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். சாதாரண ரோட்டு டயரில் இயக்கச் சக்கரத்துக்கு இரண்டு மூன்று பி.எஸ்.ஐ. இறக்கிப் பார்க்கலாம், அதற்கு மேல் இறக்கினால் வேகத்தில் வண்டி தளும்பும். முதல் ரன்னுக்கு இருந்தபடியே விடுங்கள்.

வரிசையில் நிற்கும்போது

ஏசியை நிறுத்துங்கள். இது மரியாதைக்காகச் சொல்வது இல்லை. ஏசியிலிருந்து சொட்டுகிற தண்ணீர் ஸ்டார்ட் கோட்டில் விழுந்தால் உங்கள் டயரும் வழுக்கும், உங்களுக்குப் பின்னால் வருபவருடைய டயரும் வழுக்கும். வரிசைக்குள் நுழைவதற்குச் சில நிமிடம் முன்னாலேயே அணைத்துவிட்டால் சொட்டு நின்றுவிடும். கண்ணாடிகளை ஏற்றுங்கள், பெல்ட் போடுங்கள், ஹெல்மெட் மாட்டுங்கள், போனை அணைத்து மூடிய பெட்டிக்குள் வையுங்கள். டாஷ்போர்டில் ஒட்ட வைத்துப் படம் பிடிக்கிற ஆசை வேண்டாம், கழன்று விழுந்தால் கண் தானாக அதன் பின்னால் போகும்.

அடுத்து தண்ணீர் தேங்கிய ஓர் இடம் வரும், வாட்டர் பாக்ஸ். ஸ்லிக், டிராக் ரேடியல் என்ற ரேஸ் டயர்கள் போட்டவர்கள் அதில் சக்கரத்தை நனைத்துச் சுழற்றி, புகை கிளப்பி, டயரைச் சூடாக்குவார்கள். பார்க்க அழகாக இருக்கும். உங்கள் ரோட்டு டயருக்கு அது வேண்டவே வேண்டாம். பள்ளம் பள்ளமாக இருக்கிற அந்த டயர் தண்ணீரைக் கோர்த்துக்கொண்டு போய் ஸ்டார்ட் கோட்டில் இறக்கும், அப்புறம் அங்கே யாருக்கும் பிடிமானம் இருக்காது. தண்ணீரைச் சுற்றி ஓரமாகப் போங்கள். டயரில் கல், மண் ஒட்டியிருந்தால் தண்ணீரைத் தாண்டிய காய்ந்த இடத்தில், ரேஸைத் தொடங்கி வைக்கும் ஸ்டார்ட்டர் தலையசைத்த பிறகு, ஒரு சின்னச் சுழற்று போதும்.

ஸ்டேஜிங்: எல்லோரும் தடுமாறுகிற இடம்

இப்போது முன்னால் ஒரு விளக்குக் கம்பம் நிற்கும். 'கிறிஸ்மஸ் ட்ரீ' என்பார்கள், சுருக்கமாக ட்ரீ. 1963-ல்தான் இது வந்தது, அதற்கு முன்னால் ஒரு ஆள் நடுவில் நின்று கொடி அசைப்பார், அவருடைய தோள் அசைவதைப் பார்த்தே சிலர் முன்கூட்டிக் கிளம்பிவிடுவார்களாம்.

தரைக்குச் சற்று மேலே குறுக்காக இரண்டு ஒளிக்கதிர்கள் போகின்றன, ஒன்றுக்கும் அடுத்ததற்கும் ஏழு அங்குலம்தான் இடைவெளி. உங்கள் முன்சக்கரம் முதல் கதிரை மறைத்தால் ட்ரீயின் உச்சியில் ப்ரீ-ஸ்டேஜ் விளக்கு எரியும். இன்னும் ஏழு அங்குலம் நகர்ந்து இரண்டாவது கதிரை மறைத்தால் ஸ்டேஜ் விளக்கும் எரியும். இரண்டும் எரிந்தால் நீங்கள் தயார்.

இதை எப்படிச் செய்வது என்றால், மெதுவாக, மிக மெதுவாக. பிரேக்கில் காலை வைத்து வண்டியை ஊர விடுங்கள். ப்ரீ-ஸ்டேஜ் எரிந்ததும் நில்லுங்கள். பக்கத்து வண்டியும் ப்ரீ-ஸ்டேஜ் போடும்வரை காத்திருங்கள். இது விதியாக எழுதப்படாத இடத்திலும் எல்லோரும் கடைப்பிடிக்கிற பண்பு, முந்திப் போய் இரண்டு விளக்கையும் எரிய வைத்தால் மற்றவர் பதறுவார், அப்படிப் பதற வைப்பதற்காகவே செய்கிறீர்கள் என்று நினைப்பார். அவரும் வந்ததும் ஒரு துளி முன்னால் ஊருங்கள், ஸ்டேஜ் விளக்கு கண் விழித்ததும் பிரேக்கை அழுத்தி நில்லுங்கள். இருவருக்கும் ஸ்டேஜ் எரிந்துவிட்டால் ட்ரீ எந்த நொடியிலும் தொடங்கும், அதற்குப் பிறகு கியரைத் தேட நேரம் இருக்காது.

ஸ்டேஜ் எரிந்த அந்தக் கணத்திலேயே நிற்பது ஏன் முக்கியம்? சக்கரம் வட்டம் அல்லவா, கதிரின் உயரத்தில் அதன் அகலம் சுமார் ஓர் அடி வரும். நீங்கள் கிளம்பி, சக்கரம் அந்தக் கதிரை முழுதாக விட்டு வெளியேறும்போதுதான் உங்கள் கடிகாரம் ஓடத் தொடங்கும். விளிம்பில் நின்றால் கடிகாரம் தொடங்கும் முன்பே கொஞ்சம் உருண்டு வேகம் எடுத்திருப்பீர்கள், நேரம் நன்றாக வரும். உள்ளே தள்ளிப் போய் நின்றால், ப்ரீ-ஸ்டேஜ் விளக்கு அணைந்துவிடும் அளவுக்கு, அதை 'டீப்' என்பார்கள், ரியாக்‌ஷன் குறையும், ஆனால் ஓட்ட நேரம் கூடும், பச்சைக்கு முன்பே கிளம்பியதாகச் சிவப்பு விளக்கு விழுகிற ஆபத்தும் அதிகம். எதைத் தேர்ந்தெடுத்தாலும் சரி, ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் நில்லுங்கள். இல்லாவிட்டால் சீட்டில் வருகிற எண்களை ஒன்றோடொன்று ஒப்பிடவே முடியாது.

தாண்டிப் போய்விட்டால் பயப்பட வேண்டாம். ஸ்டார்ட்டர் கையசைத்துப் பின்னால் வரச் சொல்வார், ரிவர்ஸ் போட்டு வந்து மறுபடி ஊருங்கள். அதன் பிறகு கியர் முதலுக்கு மாறியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ரிவர்ஸில் லான்ச் செய்த ஒருவரை நான் பார்த்திருக்கிறேன், நாங்கள் சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது, அவரும் சேர்ந்துதான் சிரித்தார்.

மூன்று மஞ்சள், ஒரு பச்சை

சாதாரண ட்ரீயில் மூன்று மஞ்சள் விளக்குகள் அரை விநாடி இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாக எரியும், கடைசி மஞ்சளுக்கு அரை விநாடி கழித்துப் பச்சை. பெரிய போட்டிகளின் 'ப்ரோ' ட்ரீயில் மூன்று மஞ்சளும் ஒரே நேரத்தில் எரிந்து, 0.4 விநாடியில் பச்சை வந்துவிடும். கிளப் மீட்டில் உங்களுக்கு வருவது பெரும்பாலும் முதல் வகை.

பச்சையைப் பார்த்துக் கிளம்பினால் தாமதம்தான். கண் பார்த்து, மூளை சொல்லி, கால் அழுத்தி, வண்டி நகர்ந்து, சக்கரம் கதிரை விடுவதற்குள் அரை விநாடிக்கு மேல் போய்விடும். அதனால்தான் பழகியவர்கள் மூன்றாவது மஞ்சள் எரிந்ததும் கிளம்புகிறார்கள், அவர்கள் வண்டி கதிரை விடுகிற நேரமும் பச்சை எரிகிற நேரமும் ஒன்றாகச் சேர்கின்றன. சரியாகச் சேர்ந்தால் ரியாக்‌ஷன் 0.000. விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு முந்தினாலும் சிவப்பு.

ஆனால் டெஸ்ட் அண்ட் டியூனில் இதற்கு அவசரமே இல்லை. உங்கள் ஓட்ட நேரம் நீங்கள் நகர்ந்த பிறகுதான் தொடங்குகிறது, பச்சை எரிந்து இரண்டு விநாடி கழித்துக் கிளம்பினாலும் அந்த எண் மாறாது. முதல் மூன்று ரன்னில் பச்சையை நிதானமாகப் பார்த்துவிட்டே போங்கள். நாலாவதிலிருந்து கடைசி மஞ்சளில் கிளம்பிப் பழகுங்கள். சிவப்பு விழுந்தால் விழட்டும், பயிற்சியில் அதற்கு அபராதம் இல்லை, நேரமும் வழக்கம்போல் சீட்டில் வரும்.

கிளம்புவது

ஸ்டார்ட் கோட்டில் ஒட்டுகிற ரசாயனம் தெளித்திருப்பார்கள், நடந்தால் ஷூவைப் பிடித்து இழுக்கும். ரோட்டில் சக்கரம் சுழன்று தப்பிக்கிற விசை அங்கே தப்பிக்காது, ஆக்ஸிலுக்கும் கிளட்சுக்கும் போய்ச் சேரும். ஆகவே எஞ்சினை உச்சிக்கு ஏற்றி கிளட்சைப் பட்டென்று விடுகிற வேலையை முதல் நாள் செய்யாதீர்கள், வண்டி இழுவை லாரியில் வீடு போகும்.

மேனுவல் என்றால் 2,500 ஆர்.பி.எம். பக்கம் வைத்து, கிளட்சைப் பிடிக்கும் இடம் வரை வேகமாகவும் அங்கிருந்து கொஞ்சம் வழுக்க விட்டும் எடுங்கள், வண்டி பிடித்துக்கொண்டதும் ஆக்சிலரேட்டரை முழுக்க அழுத்துங்கள். டயர் கீச்சிட்டால் அடுத்த முறை 300 குறையுங்கள், எஞ்சின் மூச்சு வாங்கினால் 300 கூட்டுங்கள். ஆட்டோமேட்டிக் என்றால் இன்னும் சுலபம்: இடது காலில் பிரேக், வலது காலில் லேசாக ஆக்சிலரேட்டர், வண்டி முன்னால் தள்ள ஆரம்பிப்பதற்குச் சற்றுக் கீழே நிறுத்தி, விளக்கு வந்ததும் பிரேக்கை விட்டு அழுத்துங்கள். இரண்டு மூன்று விநாடிக்கு மேல் அப்படிப் பிடித்து வைக்காதீர்கள், கியர்பாக்ஸ் எண்ணெய் சூடாகும். நியூட்ரலில் ஏற்றிவிட்டு டி-யில் தள்ளுகிற வித்தையைச் சொல்லித் தர யாராவது வருவார், கும்பிட்டு அனுப்பிவிடுங்கள். ட்ராக்‌ஷன் கன்ட்ரோலை முதல் ரன்னில் அணைக்க வேண்டாம். எலெக்ட்ரிக் கார் வைத்திருப்பவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம், உங்களுக்குக் கிளட்சும் இல்லை கியரும் இல்லை, எங்களுக்குக் கொஞ்சம் பொறாமைதான்.

ஓடும்போதும் ஓடி முடித்த பிறகும்

நேராகப் பாருங்கள், பக்கத்து வண்டியைப் பார்க்காதீர்கள், பார்த்தால் கை அந்தப் பக்கம் போகும். நடுக்கோட்டைத் தொட்டால் போட்டியில் நீங்கள் அவுட், அதைவிட முக்கியம், அங்கே இன்னொருவர் இருக்கிறார். வண்டி வழுக்கினாலோ ஆடினாலோ ஆக்சிலரேட்டரை விடுங்கள், அந்த ரன் போச்சு, அவ்வளவுதான், வரிசையில் நின்றால் இன்னொன்று கிடைக்கும். பாதியில் காலை எடுத்ததற்காக யாரும் கேலி செய்து நான் கேட்டதில்லை.

கோட்டைத் தாண்டியதும் பிரேக்கைக் குத்தாதீர்கள். கடைசி வேகம் கணக்கிடுகிற 66 அடி முடிவுக் கோட்டோடு முடிந்துவிடுகிறது, அதற்கப்பால் நிற்பதற்கென்றே நீளமான பாதை இருக்கிறது. காலை எடுத்து, நிதானமாகப் பிரேக் பிடித்து, உங்கள் லேனிலேயே வேகம் குறையுங்கள். வெளியேறும் வழி எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்த லேன்காரர்தான் முதலில் திரும்புவார். நீங்கள் எதிர்ப்பக்கம் என்றால் அவர் எங்கே இருக்கிறார் என்று தெரியும்வரை குறுக்கே போகக் கூடாது. ஒரு கிளப் மீட்டில் நான் உண்மையிலேயே பயந்த ஒரே இடம் இதுதான், ஜெயித்த சந்தோஷத்தில் ஒருவர் என் மூக்குக்கு முன்னால் சட்டென்று திரும்பினார்.

வண்டி நின்றுவிட்டால் அல்லது எஞ்சினில் ஏதோ உடைந்த மாதிரி சத்தம் வந்தால், சுவர் ஓரம் ஒதுங்கி நில்லுங்கள். சொட்டுகிற வண்டியை ட்ராக் முழுக்க ஓட்டிக்கொண்டு போக வேண்டாம். தீ தவிர வேறு எதற்கும் இறங்காமல் உள்ளேயே உட்காருங்கள், ஆட்கள் வருவார்கள். எக்காரணம் கொண்டும் ட்ராக்கிலேயே வண்டியைத் திருப்பி எதிர்த்திசையில் வராதீர்கள். திரும்பி வரும் பாதையில் மெதுவாக, நடக்கிறவர்கள் இருப்பார்கள்.

சீட்டைப் படிப்பது

திரும்பும் வழியில் ஒரு சின்னக் கூண்டில் டைம் ஸ்லிப் கொடுப்பார்கள். ஒரு சாதாரணக் காருக்கு இப்படி இருக்கும்: ரியாக்‌ஷன் 0.412, 60 அடி 2.31, 330 அடி 6.40, 660 அடி 9.85, 1,000 அடி 12.81, கால் மைல் 15.30, கடைசி வேகம் மணிக்கு 90 மைல், அதாவது சுமார் 145 கிலோமீட்டர்.

எல்லோரும் கடைசி எண்ணைத்தான் முதலில் பார்ப்பார்கள். நீங்கள் 60 அடியைப் பாருங்கள். நீங்கள் எப்படிக் கிளம்பினீர்கள் என்பது முழுக்க அங்கே இருக்கிறது. ரோட்டு டயரில் 2.1 முதல் 2.4 வரை வருவது வழக்கம். அங்கே ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கைக் குறைத்தால் கால் மைல் முடிவில் அது ஒன்றரை மடங்கு, சில சமயம் இரண்டு மடங்காகத் திரும்பி வரும். ஒரு ரூபாய்கூடச் செலவில்லாமல் வருகிற வேகம் இது. கடைசி வேகமோ வேறு கதை சொல்கிறது, மோசமாகக் கிளம்பினாலும் அது அதிகம் மாறாது, எஞ்சினின் சக்தியையும் வண்டியின் எடையையும்தான் அது காட்டும். கடைசி வேகம் அதே 90, நேரம் மட்டும் 15.6 என்றால் எஞ்சின் மேல் பழி போடாதீர்கள், உங்கள் கால்தான். நேரம், வேகம் இரண்டும் சேர்ந்து சரிந்தால் எஞ்சின் சூடாகிவிட்டது அல்லது வெயில் ஏறிவிட்டது, சூடான காற்றில் ஆக்ஸிஜன் குறைவு.

நோட்டு இதற்குத்தான். ஒவ்வொரு சீட்டுக்குப் பக்கத்திலும் எழுதுங்கள்: எத்தனை ஆர்.பி.எம்.மில் கிளம்பினேன், டயர் காற்று எவ்வளவு, எந்த லேன், என்ன நேரம், டேங்கில் எவ்வளவு பெட்ரோல். ஒரு ரன்னுக்கு ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். காற்றையும் இறக்கி, ஆர்.பி.எம்.மையும் கூட்டி, கியர் மாற்றும் இடத்தையும் மாற்றினால், நேரம் குறைந்தாலும் எதனால் என்று தெரியாது. இடைவேளையில் பானெட்டைத் திறந்து வைத்து எஞ்சினை ஆற விடுங்கள், அரை மணி நேரம் ஆறிய வண்டிக்கும் ஐந்து நிமிடத்தில் மறுபடி ஓடிய வண்டிக்கும் வித்தியாசம் சீட்டிலேயே தெரியும்.

போட்டியில் இறங்கினால்: பிராக்கெட்

15 விநாடி காரும் 11 விநாடி காரும் எப்படி நியாயமாக மோதுவது? பிராக்கெட் என்ற போட்டி முறையில் ஒவ்வொருவரும் தன் வண்டி எத்தனை விநாடியில் ஓடும் என்று கண்ணாடியில் எழுதிவிட வேண்டும், அதுதான் டயல்-இன். மெதுவான வண்டிக்கு வித்தியாசம் அளவுக்கு முன்னதாகப் பச்சை விழும். நீங்கள் 16.20, எதிராளி 14.00 என்றால் நீங்கள் 2.20 விநாடி முன்னால் கிளம்புவீர்கள்.

இப்போது கணக்கு. உங்கள் ரியாக்‌ஷன் 0.150, ஓடியது 16.25, அதாவது எழுதியதைவிட 0.05 அதிகம். மொத்தம் 0.20. எதிராளியின் ரியாக்‌ஷன் 0.250, ஓடியது 14.02. மொத்தம் 0.27. நீங்கள் 0.07 விநாடியில் ஜெயித்தீர்கள், அவர் வண்டி உங்களுடையதைவிட இரண்டு விநாடிக்கு மேல் வேகமாக இருந்தும். எழுதியதைவிட வேகமாக ஓடினால் 'பிரேக்-அவுட்', தோல்வி. இரண்டு பேரும் பிரேக்-அவுட் ஆனால் குறைவாக மீறியவருக்கு வெற்றி. சிவப்பு விளக்கு பிரேக்-அவுட்டைவிடப் பெரிய குற்றம்.

அதனால்தான் நோட்டு முக்கியம் என்கிறேன். காலையில் ஓடிய ஐந்து ரன்னில் 15.28, 15.33, 15.30 என்று நெருக்கமாக வந்திருந்தால் நீங்கள் ஆபத்தான ஆள், உங்கள் எதிராளிக்கு. ஒன்று 15.0, அடுத்தது 15.7 என்று வந்திருந்தால் எதை எழுதுவீர்கள்? வண்டியை வேகமாக்குவதற்குச் செலவழித்தவர்கள் முதல் சுற்றில் வெளியேறுவதையும், ஏசி, ரேடியோ, குழந்தைகள் சீட்டின் தடம் எல்லாம் உள்ள குடும்பக் கார் ஒன்று கடைசிச் சுற்று வரை போவதையும் நான் பல முறை பார்த்திருக்கிறேன். முதல் சுற்றில் தோற்றவர்கள் பணம் கட்டி மறுபடி நுழையவும் சில மீட்டுகளில் விடுவார்கள், கேட்டுப் பாருங்கள்.

கிளம்பும் முன்

டயரில் இறக்கிய காற்றை மறுபடி ஏற்றுங்கள். வீல் நட்டை இன்னொரு முறை டார்க் ரெஞ்சால் பாருங்கள். கண்ணாடியில் எழுதிய எண்ணைத் துடைத்துவிடுங்கள், அதோடு ரோட்டில் போனால் சிக்னலுக்குச் சிக்னல் யாராவது பக்கத்தில் வந்து எஞ்சினை உறுமுவார்கள், அவர்களுக்குப் பதில் சொல்லாதீர்கள். ட்ராக்கில் இறக்கி வைத்த சாமான்களை எண்ணி ஏற்றுங்கள். என் இரண்டாவது மீட்டில் நான் ஸ்டெப்னியை, ட்ராக்கில் வண்டிகளை நிறுத்தி வைக்கும் பிட்டிலேயே மறந்து வைத்துவிட்டு வந்தேன், அன்றைக்கென்று பாதி வழியில் பஞ்சர்.